தூக்கிப் போடாத வண்டி

ஏனுங்க தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லதான். ஆனா கண்ணுல பட்டுருச்சு. ரெண்டு காரைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, இதுல என்ன இருக்குது, அதுல என்ன இருக்குதுன்னு கட்டம் போட்டு வெச்சிருக்கானே, அதை மூடி வெச்சிருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மூடிருங்க சாமி.

சும்மா பாக்கறீங்களா? நானும் சும்மாதானுங்க ஆரம்பிச்சேன். மாசி மாசம் ஆரம்பிச்சது. இன்னைக்கு ஆவணி முடியப் போவுது. நீங்க பாக்கறீங்களே, அதே ரெண்டு வண்டிதான். அந்தக் கட்டத்துல இருக்கற ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். நீளம் எத்தனை, அகலம் எத்தனை, அடி வயிறு தரையில இருந்து எத்தனை ஒசரம், எல்லாம் கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கம்பெனி பேரை மட்டும் சொல்ல மாட்டேன். பஸ்ஸுல யாரு இருக்காங்களோ என்னமோ. எங்க வூட்டுல அதுகளுக்குப் பேரே வேற. ஒன்னு சாம்பல் கலரு, அது மயிலை. இன்னொன்னு செங்காவிக் கலரு, அது செவலை. என்ற சம்சாரம் வெச்ச பேருங்க. மாட்டுச் சந்தையில சுழி பாக்கறவனாட்டம் பாக்கறனாமா, அதுக்கு லொள்ளு.

என்ற பேரு அர்த்தநாரி. நாமக்கல்லுல மோகனூர் ரோட்டுல முட்டைப் பண்ணை. நாலு ஷெட்டு, நாப்பதாயிரம் கோழி. கார் வாங்க வக்கில்லாம பஸ்ஸுல வர்றான்னு நெனைச்சுக்காதீங்க. பண்ணைக்கு ஒரு ஜீப்பு இருக்குது, டிரைவரு காலைல அஞ்சு மணிக்கே தீவனம் ஏத்தப் போயிட்டான். அவன் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க. என்ற புள்ளையப் பாக்கோணும். ஏற்காட்டுல இருக்கறா. இன்னைக்கே பாக்கோணும். நாளைக்குப் பாக்கலாம், நாளன்னைக்குப் பாக்கலாம்னு தள்ளற விசயம் இல்ல. ஏன்னு சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

தாரணின்னு ஒரே புள்ள. போன வருசம் ஏற்காட்டுல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை சம்பத்து, காப்பித் தோட்டம். நல்ல பையன், கொறை சொல்லக் கூடாது. மாசி மாசம் போன் பண்ணி, ‘அப்பா, நீங்க தாத்தா ஆவப் போறீங்க’ன்னா. சந்தோசமுங்க. அப்புறம்தான் ரோசனை வந்துச்சு. எங்க பக்கம் தலைப்பிரசவம் தாய் வூட்டுலதான். ஏழாம் மாசம் நாங்க ஏழு வகை சோறு கட்டிக்கிட்டுப் போயி, சம்பந்தி வூட்டுல விருந்து வெச்சு, புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துரோணும். கட்டுச்சோறும்போம். அந்தச் சம்பந்தியம்மா அப்பவே ஒரு இழுப்பு இழுத்தாங்க. ‘இருவது கொண்டை ஊசி வளைவு அண்ணா, வயித்துப் புள்ளைய அந்த ரோட்டுல தூக்கிப் போட்டுக்கிட்டு எதுக்கு? இங்கயே பாத்துக்கறமே.’

எதுக்கா? என்ற புள்ளைங்க! எனக்கு வந்துச்சே கோவம். ‘அம்மிணி, கை நெறைய தண்ணி ஏந்திட்டு உக்காந்தாலும் ஒரு சொட்டு சிந்தாத வண்டியில கூட்டிட்டு வர்றேன், பாத்துக்குங்க’ன்னு சொல்லிப் போட்டேன். வாக்குக் குடுத்தாச்சு. தாரணிகிட்டயும் கண்டிசனாச் சொல்லிட்டேன், நான் வண்டியோட வர்ற வரைக்கும் நீ அந்தத் தோட்டத்து ஜீப்புல ஏறப்படாது, மலையை உட்டு எறங்கப்படாது. அவளும் சரிப்பான்னுட்டா. அன்னைக்குச் சாயந்தரம் போனை எடுத்தவன்தான்.

மொதல்ல லேசாத்தான் இருந்துச்சு. பெரிய வண்டி வேண்டாம், அந்த வளைவுல திரும்பாது. சின்னதா இருக்கோணும், ஆனா உள்ள மெத்தாட்டம் இருக்கோணும். அப்படிப் பாத்தா ரெண்டே வண்டிதான் நின்னுச்சு. ரெண்டுல ஒன்னு. ஒரு வாரத்து வேலைன்னு நெனைச்சேன். என்ற கெரகம்!

மயிலையைப் பாத்தா, பின் சீட்டு சாஞ்சு குடுக்குது, இடுப்புக்கு ஒத்தாசையா இருக்குது. சரி, இதேதான்னு முடிவு பண்றப்ப போன் வீடியோல ஒரு பையன் வந்து சொல்றான், இதுக்குப் பஞ்சர் ஆனாலும் ஓடற டயரு, அதனால டயர் கல்லாட்டம் இருக்கும், சின்னக் குழியும் முதுகுல தெரியும்னு. போச்சா? செவலைக்கு ஓடுனேன். செவலைக்கு டயர் மெத்துன்னு இருக்குது. ஆனா அதுக்கு ஸ்டெப்னி டயரை டிக்கிக்குள்ள படுக்க வெச்சிருக்கான். டிக்கில பாதி அதுக்கே போயிருச்சு. ஏழு போசிப் பாத்திரம் சோறு எங்க வெக்கறது? மடியிலயா? வூட்டுல இருந்து ஏழு போசியும் எடுத்துட்டுப் போயி ஷோரூம்லயே அடுக்கிப் பாத்தேன். அஞ்சுதான் புடிச்சுது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் வெளியே நின்னுச்சு. அந்த மோனிஷான்னு ஒரு பொண்ணு, செவலையை விக்கற பொண்ணு, கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு நிக்கறா. சிரிக்கவும் முடியல பாவம்.

என்ற சம்சாரம் வசந்தாமணி சொல்றா, ‘ஏனுங்க, போசியை வாடகை வேன்ல வெச்சுட்டு வந்தாப் போவுது’. பாத்தீங்களா? ஒன்னு சொன்னா ஒன்னு சொல்லுவா. அம்பது லட்சத்துல வண்டி வாங்கி, சோத்துப் போசிக்குத் தனியா ஒரு வேன் புடிக்கறதா? சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் சிரிக்க மாட்டாங்க?

சரி, கட்டத்துல போட்டிருக்கறதை நம்பிப் பிரயோசனம் இல்ல, ஓட்டித்தான் பாக்கோணும்னு முடிவு பண்ணுனேன். ஷோரூம்காரன் ஓட்டிக் காட்டறது எங்க? கோயமுத்தூருல அவினாசி ரோட்டுல, கண்ணாடியாட்டம் ரோட்டுல. அதுல எருமை மேல உக்காந்து போனாலும் ஆடாது. நான் சொன்னேன், நீ வண்டியை நாமக்கல்லுக்குக் கொண்டா, கொல்லிமலைக்கு ஏத்திக் காட்டுன்னு. காரவள்ளில ஆரம்பிச்சா மேல போய்ச் சேர எழுவது வளைவு. எழுவதுல தாக்குப் புடிச்சா ஏற்காட்டு இருவது எம்மாத்திரம்? மயிலைக்காரன் டேவிட்டுன்னு ஒருத்தரு, நாப்பது வயசிருக்கும், நல்ல பொறுமைசாலி. சரிங்க சார்னு வந்துட்டாரு. நான் பின் சீட்டுல ஒரு அட்டை முட்டையைக் கொண்டு வந்து வெச்சேன்.

சிரிக்கறீங்க. என்ற தொழில் அதுங்க. முப்பது வருசமா வண்டியில முட்டை ஏத்தி உடறேன். எந்த டிரைவரு எப்படி ஓட்டுனான், எந்த ரோடு எப்படி இருந்துச்சுன்னு எறக்கற எடத்துல விரிசலை எண்ணிச் சொல்லிருவேன். மனுசன் பொய் சொல்லுவான், முட்டை சொல்லாது. முப்பது முட்டை. மேல போயிட்டுக் கீழ வந்தோம். டேவிட்டு சாரு முப்பத்தஞ்சாவது வளைவுல வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாரு, அது வேற. வந்து எண்ணிப் பாத்தா ரெண்டு முட்டை விரிசல். மறுவாரம் செவலை. அந்த மோனிஷாப் பொண்ணு, ‘சார், லெதர் சீட்டு சார், முட்டை வேண்டாம் சார்’னு அழுவாத கொறை. அடியில ரெக்சின் விரிச்சுத்தான் வெச்சேன். அதே எழுவது வளைவு. நாலு விரிசல். ஒன்னு ஒழுவியும் போச்சு. ரெக்சினைத் தாண்டி ஒழுவுனதுக்கு நான் என்ன பண்ண?

தீந்துச்சு, மயிலைதான்னு வூட்டுல வந்து சொன்னேன். வசந்தாமணி சாமி ரூமுல வெளக்குப் போட்டுட்டா. அன்னைக்குச் சாயந்தரம் பண்ணை சூப்பர்வைசர் வர்றான். வந்தவன் சும்மா இருக்கானா? ‘அய்யா, ரெண்டாம் வாட்டி முட்டை எந்த ஷெட்டுல எடுத்தீங்க?’ங்கறான். நாலாவது ஷெட்டுலன்னேன். ‘அது கெழட்டுக் கோழிங்களாச்சே, ஓடு மெலிசா இருக்குமே’ங்கறான்! மயிலைக்கு வெச்சது ஒன்னாவது ஷெட்டு, எளசு. ஓடு கெட்டி. எனக்குத் தலையில இடி உழுந்தாப்புல ஆயிப்போச்சு. முப்பது வருசம் முட்டையில பொழைக்கறவன் பண்ற தப்பா அது? அப்ப அந்தச் சோதனை செல்லாது. மறுக்காப் பண்ணோணும். ஒரே ஷெட்டு, ஒரே நாள் முட்டை, எடை பாத்து, லைட்டு வெச்சு விரிசல் பாத்து. நான் போன் பண்ணுனா டேவிட்டு சாரு எடுக்கறதே இல்ல. மோனிஷாப் பொண்ணு எடுத்து, ‘சார், மேனேஜர் வேண்டாம்னுட்டாரு சார்’ங்கறா.

இதுக்குள்ள வைகாசி போயி ஆனி பொறந்துருச்சு. ஏழாம் மாசம். சம்பந்தியம்மா கேக்கறாங்க, கட்டுச்சோத்துக்கு நாள் பாக்கலாங்களான்னு. நான் சொன்னேன், கொஞ்சம் பொறுங்க, வண்டி முடிவாவட்டும். அவங்க ஒடனே சரின்னுட்டாங்க. நல்ல மனுசி, எம்பட நெலமை புரியுது பாருங்க. வசந்தாமணிக்குத்தான் பொறுக்கல. ‘ஆனியை உட்டா ஆடி. ஆடில பண்ணக் கூடாது. ஆவணின்னா ஒம்போதாம் மாசம். வாடகைக் காரு புடிங்க. இல்லாட்டி நம்ம ஜீப்புலயே போலாம்’னு ஒரே புடியா நிக்கறா. ஜீப்பாம்! எனக்கு வந்த ஆத்தரத்துக்கு, சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன்.

உங்களுக்கும் சிரிப்பா இருக்குதா? தூக்கிப் போட்டா என்ன ஆயிரும்னு நெனைக்கறீங்க. எனக்குத் தெரியும் என்ன ஆவும்னு.

தாரணிக்கு முன்னால ஒன்னு இருந்துச்சுங்க. இருவத்தெட்டு வருசம் ஆச்சு. அப்ப எனக்கு ஒரே ஒரு பழைய முட்டை வேனு. வசந்தாமணிக்கு ஏழாம் மாசம் கட்டுச்சோறு முடிஞ்சு அவிய அப்பன் வூட்டுக்கு அனுப்போணும். அவிய கிட்ட வண்டி இல்ல. நானே ஓட்டிட்டுப் போனேன். ரோடுங்களா அது? ஜல்லி கொட்டி வெச்சிருந்தான், தார் ஊத்தல. ‘மெதுவாப் போங்க’ன்னு ஒருக்காத்தான் சொன்னா. நான் மெதுவாத்தான் போனேன் தம்பி. பத்தாம் நாளு கொழந்தை பொறந்துச்சு. ஆம்பளைப் புள்ளை. உசுரு இல்ல. கொடி சுத்தியிருந்துச்சு, வண்டியில போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சொல்லுவாங்க. அந்த டாக்டரம்மா அந்த ரோட்டுல வந்தாங்களா? ஸ்டேரிங்கைப் புடிச்சது நானு. ஒவ்வொரு குழியும் என்ற கைக்குத் தெரியும்.

அதை உடுங்க. எதுக்கோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன். இது என்ன ஊரு, ஆண்டகளூர் கேட்டா? இன்னும் அரை மணி நேரம் ஆவும்.

ஆடி மாசம் என்ன ஆச்சுன்னா, செவலையில புது மாடல் வருதுன்னு சேதி. குலுக்கலைத் தாங்கற அடிப்பட்டையெல்லாம் மாத்திப் பஞ்சாட்டம் பண்ணியிருக்கானாம், டிக்கியும் பெருசாம். ஆவணி ரெண்டாம் வாரம் கோயமுத்தூருக்கு வருதுன்னாங்க. எப்படியும் ஆடில ஒன்னும் பண்ண முடியாது, இத்தனை நாள் பொறுத்தாச்சு, அதையும் பாத்துருவம்னு இருந்தேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. நாளைக்குப் புது வண்டி வரப்போவுதுன்னு தெரிஞ்சும் எவனாச்சும் பழசை வாங்குவானா?

தாரணி தெனம் போன் பண்ணுவா. வீடியோவுல மூஞ்சி மட்டும் தெரியும். கன்னமெல்லாம் உப்பி அவிய அம்மாவாட்டமே இருந்தா. நான் அவகிட்ட எல்லாம் சொல்லுவேன், இன்னைக்கு இந்த சீட்டுல உக்காந்து பாத்தேன், அந்த ஏசி பின்னால எப்படி வருதுன்னு. பொறுமையாக் கேட்டுக்குவா. ஒரு நாள், ‘நான் எந்த வண்டியா இருந்தாலும் வர்றேம்ப்பா, நீங்க வந்தாப் போதும்’னா. சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? ‘உனக்குத் தெரியாது கண்ணு, நீ சும்மா இரு’ன்னேன்.

ஆவணி வந்துச்சு. அங்க டாக்டரு பாத்துட்டு, இனிமே தூரப் பயணம் வேண்டாம்னுட்டாரு. சம்பந்தியம்மா அவங்க வூட்டுலயே வளையல் போட்டு, விருந்து வெச்சு, எல்லாம் முடிச்சுட்டாங்க. முடிக்கட்டும், அவங்க பண்ற மொறையை அவங்க பண்ணட்டும். நான் போவல. அன்னைக்குத்தானுங்க கோயமுத்தூருல புது மாடல் காட்டற நாளு. ரெண்டும் ஒரே நாளுல வந்தா மனுசன் என்ன பண்ணுவான்? வசந்தாமணி மட்டும் போனா. மலையேறி, பஸ்ஸுல. எத்தனை சொல்லியும் கேக்கல. துணிப்பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு சொல்றா, ‘உங்களுக்கு வண்டிப் பிரச்சனை இல்லீங்க. உங்களுக்குப் பயம். அவளை வயித்தோட பாக்கப் பயம்’. எனக்கு என்னத்துக்குங்க பயம்? நாப்பதாயிரம் கோழிக்குச் சீக்கு வந்தப்பவே பயப்படாதவன் நானு. பொம்பளைங்க கோவத்துல எதாச்சும் சொல்லுவாங்க. போனவ திரும்பி வரவே இல்ல, புள்ளை கூடவே இருந்துட்டா. பதினஞ்சு நாளா ஓட்டல் இட்லி.

புது செவலையைப் பாத்தேன். பஞ்சாட்டமும் இல்ல, ஒன்னும் இல்ல. வெளக்கை மாத்தி வெச்சிருக்கான், அவ்வளவுதான். வெறுத்துப் போச்சு. நேத்துச் சாயந்தரம் உக்காந்து ஒரே முடிவா முடிவு பண்ணுனேன். மயிலைதான். டயர் கெட்டியா இருந்தா இருந்துட்டுப் போவுது, டயரை மாத்திக்கலாம். தாரணிக்குப் போன் பண்ணி, ‘கண்ணு, முடிவாயிருச்சு, நாளைக்கு முன்பணம் கட்டறேன். நீ பெத்துப் பொழைச்சு, புள்ளையத் தூக்கிட்டு அதுலதான் நம்ம வூட்டுக்கு வர்றே’ன்னேன். எத்தனை மாசத்துப் பாரம், எறக்கி வெச்சாப்புல இருந்துச்சு எனக்கு.

‘சரிப்பா’ன்னா. அப்புறம் சொல்றா, ‘அப்பா, டயரைப் பாத்தீங்க, சீட்டைப் பாத்தீங்க, டிக்கியைத் தொறந்து தொறந்து பாத்தீங்க. என்னைய வயித்தோட ஒருக்கா பாத்தீங்களாப்பா? இன்னும் பத்து நாளுதான். அப்புறம் பாக்கோணும்னு ஆசைப்பட்டாலும் பாக்க முடியாது’.

எனக்கு மொதல்ல கோவந்தான் வந்துச்சு. நான் யாருக்காவ இத்தனை அலைஞ்சேன்? எனக்கா அந்த வண்டி? கொல்லிமலையில முட்டையைக் கட்டிக்கிட்டு ஏறி எறங்குனது எனக்காவா? கேட்டுப்போடலாம்னு வாயைத் தொறந்தேன். ஆனா அவ அழுவுற சத்தம் கேட்டுச்சு. சத்தம் வராம அழுவுறவ, சின்னதுல இருந்தே அப்படித்தான், மூக்கை உறிஞ்சறதுலதான் தெரியும். நான் போனை வெச்சுட்டேன். சாப்புட முடியல. கணக்குப் போட்டுப் பாக்கறேன், மாசியில இருந்து ஆவணி. அறுவது மைலு. ரெண்டு மணி நேரத்துப் பாதை. ஒருக்காக் கூடப் போவலீங்க. ஒரே ஒருக்காக் கூடப் போவல. கோயமுத்தூருக்குப் பதினோரு வாட்டி போயிருக்கறேன்.

அதான் விடியறதுக்கு முன்னாலயே கெளம்பிட்டேன். முன்பணமும் கட்டல, ஒன்னும் கட்டல. போயி அவ முன்னால நிக்கறேன், அவ எந்திரிச்சு நடந்து வர்றதைப் பாக்கறேன், வயித்துல கை வெச்சுப் பாருங்கப்பான்னா வெச்சுப் பாக்கறேன். ஆமா, பயந்தான். பயமாத்தான் இருக்குது. ஆனாலும் பாத்துப் போடுவேன். பத்து நாள் இருக்குதல்ல. இன்னைக்குப் பாத்துட்டு, நாளைக்கும் அங்கயே இருந்து பாக்கறேன். பண்ணை எங்க ஓடிப் போவுது?

இருங்க, போன் அடிக்குது. வசந்தாமணிதான். சித்த இருங்க.

அலோ. ஆமா, நான்தான். பஸ்ஸுல. சேலம்தான் வந்துட்டிருக்கறேன், மல்லூர் தாண்டிட்டேன்... என்னது?... சத்தமாச் சொல்லு, இங்க பஸ்ஸு சத்தம்... எப்ப?... ஏன் எனக்குச் சொல்லல?... அவ எப்படி இருக்கறா?... எந்த வண்டில கூட்டிட்டு வந்தீங்க?... ஜீப்புலயா? தூக்கிப் போட்டுச்சா?... ம்... ம்... சரி. சரி, வந்தர்றேன். வெச்சுர்றேன்.

பொம்பளைப் புள்ளைங்க தம்பி.

இப்பத்தானாம். பத்து நிமிசம் கூட ஆவலையாம். ரெண்டே முக்கா கிலோ. தாயும் புள்ளையும் சௌக்கியம். நேத்து என்கூடப் பேசிட்டு வெச்ச கொஞ்ச நேரத்துலயே வலி எடுத்துருச்சாம். ராவோட ராவா மலையை உட்டு எறக்கி, சீலநாயக்கன்பட்டி கிட்ட ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. எனக்கு ஏன் சொல்லலைன்னு கேட்டா, ‘சொல்லியிருந்தா எந்த வண்டில கூட்டிட்டுப் போறதுன்னு ஆரம்பிச்சிருப்பீங்க’ங்கறா. தோட்டத்து ஜீப்புலதான் வந்திருக்கா. அந்த ஜீப்புல, அந்த இருவது வளைவுல. தூக்கிப் போட்டுச்சான்னு கேட்டேன். ‘போட்டுச்சு. நான் அவளைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்’னா. அவ்வளவுதான் சொன்னா.

கை குடுக்கறீங்களா? குடுங்க, குடுங்க. சந்தோசமுங்க. நல்ல சேதிதானுங்க, நல்ல சேதிக்கு யாராச்சும் அழுவாங்களா? கண்ணுல என்னமோ தூசி. பேத்தி பொறந்திருக்கறா எனக்கு, ஊருக்கே சக்கரை குடுக்கோணும். உசுரோட, அழுதுட்டு இருக்கறா, போன்லயே கேட்டுச்சு. நெம்ப சந்தோசம்.

கண்டக்டரு, சீலநாயக்கன்பட்டி வந்தா நிறுத்துங்க, எறங்கோணும்.

தாரணி எப்படி இருந்திருப்பான்னுதான் ரோசனை பண்றேன் தம்பி. அவிய அம்மாவாட்டம் இடுப்புல கையை ஊணிக்கிட்டு நடந்திருப்பாளா? தெரியல. அதை இனி யாரு காட்டுவாங்க? ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தாப் பாத்திருப்பேன். பிரசவ ரூம் வாசல்லயாவது, அவளை உள்ள கொண்டு போறதுக்கு முன்னால. விடியறதுக்கு முன்னாலயே நாமக்கல் பஸ் ஸ்டேண்டுக்கு வந்துட்டனுங்க நானு. ஆறு மணிக்கே சேலம் பஸ்ஸு ஒன்னு நின்னுச்சு. பின்னால சீட்டுதான் இருந்துச்சு, தூக்கிப் போடும்னு உட்டுட்டேன். ஆறரைக்கு ஒன்னு வந்துச்சு. அது பழைய வண்டி, பட்டை போயி ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுச்சு. அதையும் உட்டுட்டேன். இது மூணாவது பஸ்ஸுங்க.